சவுக்குத் தோப்பில் ஒரு முதலை

எழுபதுகளின் கடைசியில், புயல் மழை ஓய்ந்த ஒரு காலையில் நடந்தது இது. மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், நெம்மேலியைத் தாண்டி ஒரு முதலைப் பண்ணையில் எனக்கு வேலை. அழிந்துகொண்டிருந்த முதலைகளைப் பெருக்கி ஆறுகளில் விடுவதற்காக ஏற்பட்ட இடம். விலங்கியல் படித்தவள் என்றாலும், முட்டைகளையும் குஞ்சுகளையும் பார்த்துக்கொள்வதோடு என் வேலை முடிந்தது. பெரிய முதலைகள் பக்கம் பெண்கள் போகக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. அவர் இல்லாதபோதெல்லாம் போனேன். பிடிக்கிறவர்களோடு நின்று நானும் பிடிக்கப் பழகினேன்.

அன்று மழையில் சுவர் இடிந்து, ஏழடி முதலை ஒன்று வெளியே போய்விட்டது. பக்கத்துக் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் அது கிடப்பதாகத் தகவல் வந்தது. பிடிக்கத் தெரிந்த ஆண்கள் யாரும் மழையால் வேலைக்கு வரவில்லை. போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றார் மேலாளர். அவர்கள் வந்தால் சுட்டுவிடுவார்கள். அவர் கூப்பிடக் கூப்பிட, ஈரக் கோணியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தோப்பில் ஆண்கள் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். ஒருவர் கோபமாகவே சொன்னார்: "நவுரும்மா. கொயந்தைங்க ஆடுற எடம் இது. உங்க முதலைக்கு எங்க புள்ளைங்களா கெடச்சிது?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் சண்டை போடவில்லை. கட்டி எடுத்துப் போகிறேன், கூட ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றேன். சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததே இல்லை. புடவையை இழுத்துச் செருகியபடி, "நான் இன்னா செய்யணும், அத்தச் சொல்லு" என்றாள்.

கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கமாகப் போய்க் கோணியை முதலையின் கண்ணை மூடும்படி வீசி, முதுகில் பாய்ந்து தாடையை அழுத்திப் பிடித்தேன். வால் சுழன்று என் முழங்காலில் அடித்தது. வலியில் கண் இருட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை. அந்த அம்மா கொஞ்சமும் பதறாமல் வாயைச் சுற்றிக் கயிறு கட்டி முடித்தாள்.

சிரித்தவர்களே ஓர் ஏணியைக் கொண்டுவந்தார்கள். முதலையை அதில் கிடத்திக் கட்டி, பண்ணை வரை சுமந்து வந்தார்கள். நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தேன்.

வாசலில் மேலாளர் கத்தினார். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது என்றார்.

"எனக்குச் சொல்லுங்க சார்" என்றேன்.

மறுநாளிலிருந்து யார் உத்தரவையும் கேட்காமல் பெரிய முதலைகளின் தொட்டிகளில் இறங்கினேன். அவரும் தடுக்கவில்லை. திருப்போரூரில் துணிக்கடை வைத்திருந்த என் அத்தா, சொந்தக்காரர்கள் காதுக்கு இது போக வேண்டாம், மகளுக்கு வரன் அமையாது என்று கெஞ்சினார். அடுத்த கல்யாண வீட்டிலேயே எல்லோருக்கும் கதையை நானே சொன்னேன்.

எத்தனையோ ஆறுகளில் எங்கள் முதலைகளை விட்டாயிற்று. மழைக்காலத்தில் முழங்கால் இன்னும் வலிக்கும். இது பெண்கள் செய்கிற வேலையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை; அன்று கூடையை இறக்கி வைத்த அந்த அம்மாவும் நானும் அதைச் செய்தே காட்டிவிட்டோம்.