சாவு வீட்டில் கேட்ட கலவை மெஷின்

என் தம்பி மகன் வாயாலேயே மேளம் அடித்துப் பிழைக்கிறான். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஐடிஐ முடித்து, ஓசூரில் வண்டிக்கு பிரேக் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். ஷிப்ட் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உதட்டைக் குவித்து டுப், ட்ஸ், க்கா என்று ஆரம்பித்துவிடுவானாம். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். பெங்களூரில் ஏதோ காலேஜ் போட்டியில் ஜெயித்தான். அதோடு வேலையை விட்டான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து, மூச்சு விடாமல் பேசுகிற மாதிரி பாட்டுக் கட்ட ஆரம்பித்தான். தன் வீட்டில் சத்தம் போட முடியாதென்று என் வீட்டு மாடி அறையைக் கேட்டான். சுவரை ஒட்டிப் பழைய மெத்தைகளை நிறுத்தி, நடுவில் மைக்கை வைத்துக்கொண்டான்.

தம்பி வந்து வாசலில் நின்று கத்தினான்.

"பர்மனென்ட் ஆகற நேரத்துல உட்டுட்டு வந்துட்டான்க்கா. பொண்ணு பாக்கப் போனா பையன் இன்னா பண்றான்னு கேப்பாங்க. எச்சி தெறிக்கறான்னு சொல்றதா?"

"பீட்பாக்ஸ்னு சொல்லுப்பா," என்றான் பையன் மாடிப்படியில் நின்றபடி.

"வாய மூடுடா!"

"மூடிட்டா சோறு கெடையாதேப்பா."

நான் பையனிடம் சாவியைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இப்போது அவன் அறையில் இருக்கிற நாள் குறைவு. இன்றைக்குக் கொச்சி, நாளைக்குச் சென்னை. மெத்தைகள் மட்டும் நிற்கின்றன. என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தது அவனால்தான். கிருஷ்ணகிரியில் மாம்பழக் கண்காட்சி மேடையில் அவன் அடித்ததை எனக்கு போனில் அனுப்பியிருந்தான். மத்தியானம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக அடித்தான். முடிந்ததும் மேடையில் இருந்த பெண், "உங்க குடும்பத்துல வேற யாராவது இந்த மாதிரி இருக்காங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க. எங்க வம்சத்துலயே நான்தான் மொத ஆளு," என்றான். கூட்டம் கை தட்டியது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்கப் போனேன்.

அவன் மேல் தப்பில்லை. தம்பி பிறப்பதற்குள் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோயிருந்தது. கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்காதவனிடம் போய், நானும் ஒரு காலத்தில் என்று ஆரம்பிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாவதோடு நின்ற படிப்பு, இதை எழுத நேரமாகிறது. எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் சூளகிரிக்கும் பேரிகைக்கும் நடுவில். அப்பா தப்பட்டைக்காரர். சாவு, சாமி ஊர்வலம், எருது விடுகிற விழா எதுவானாலும் அவர் போய்த்தான் அடிக்க வேண்டும். பெண் பிள்ளை தப்பட்டையை அடிக்கக் கூடாது, ஆனால் காய்ச்சித் தரலாம். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விறைப்பு ஏறிவிட்டதா என்று நகத்தால் சுண்டிப் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. அப்பா அடிக்கும்போது பின்னாலேயே நின்று அதே அடியை நான் வாயால் சொல்லிக்கொண்டு வருவேன். சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, மாட்டுக்கு ஒரு அடி. எல்லாம் என் நாக்கில் இருந்தது. அப்போது நான் ஒற்றைப் பிள்ளை.

ஒருநாள் எங்கள் தெரு ஆண்கள் கூடிப் பேசினார்கள். இனிமேல் யார் வீட்டுச் சாவுக்கும் தப்பட்டை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்த எங்கள் ஆட்களும் அப்படியே. அப்பா வீட்டுக்கு வந்து தோலை உரித்து எறிந்துவிட்டு, கட்டையை உடைத்து அடுப்படியில் போட்டார். அந்த விறகில்தான் அன்றைக்கு அம்மா களி கிண்டினாள். நானும் சாப்பிட்டேன். எப்போதும் போல்தான் இருந்தது.

ஓசூரில் கம்பெனி கட்டிடங்கள் எழும்ப ஆரம்பித்த காலம் அது. அப்பாவும் அம்மாவும் சித்தாள் வேலைக்குப் போனார்கள். கொஞ்ச நாள் என்னையும் கூட்டிப் போனார்கள். அங்கேதான் கான்கிரீட் கலவை மெஷினைப் பார்த்தேன். அப்பாவுக்கு அதில்தான் வேலை. முதலில் இருமும். ரெண்டு மூன்று இருமலுக்குப் பிறகு டக்டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஜல்லி சளசளவென்று விழும். அப்புறம் அந்தப் பெரிய இரும்பு வயிறு கடகடவென்று உருளும், அடியில் ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய சத்தம்! ஒரு வாரத்தில் அதை நான் பிடித்துவிட்டேன். இருமலைத் தொண்டையில், ஜல்லியைப் பல்லில், உறுமலை நெஞ்சில். பெங்களூர்க்காரரான சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "ஏனம்மா, மெஷின் நுங்கிபிட்டியா?" என்றார். மெஷினை விழுங்கிவிட்டாயா என்று கன்னடத்தில் கேட்கிறார் என அம்மா சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருவார்கள். தெருவில் மற்றவர்களும் பிள்ளைகளோடு கல்லுடைக்கப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது நான், ரெண்டு ஆடு, காது மந்தமான பக்கத்து வீட்டுக் கிழவி. பகல் முழுக்க வாயால் அடித்துக்கொண்டிருப்பேன். ஆடுகள் புல்லைப் பார்க்கும். கிழவி, "இன்னாடி பாப்பா, பல்லு வலிக்குதா?" என்பாள். ரோட்டோரம் போய் நின்று, போகிறவர் வருகிறவர் திரும்ப மாட்டார்களா என்று அடித்துப் பார்ப்பேன். யாராவது ஒருத்தர் நின்று கேட்டால் போதும் என்றிருந்தது. வேறு ஆசை அப்போது எனக்குக் கிடையாது.

ஒரே ஒருவர் திரும்பினார். ஊரிலேயே பெரிய நிலக்காரர் வீட்டு மருமகன். சைக்கிளை நிறுத்தி, தப்பட்டை எங்கே என்று நாலு பக்கமும் பார்த்தார். சிறுமி ஒருத்தி மட்டும் நிற்பதைக் கண்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அந்த ஒரு திரும்பலை நான் பல நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய வீட்டுக் கிழவர் செத்துப்போனார். எங்கள் ஊர் வழக்கத்தில் தப்பட்டை அடி விழாமல் பிணம் வாசல் தாண்டாது. காலையிலேயே ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். பேரிகைக்கு அனுப்பினார்கள், தளிக்கு அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. உச்சிப் பொழுதில் அந்த மருமகனே எங்கள் தெருவுக்கு வந்தார். பெரிய வீட்டு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"ஏ பாப்பா, உங்கப்பன் கையக் கட்டிக்கினான். உன் வாய யாரும் கட்டலையே? வா. வந்து அடி."

கிழவிக்கு அது மட்டும் காதில் விழுந்துவிட்டது. கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"பெரியவங்க பேசி முடிச்ச பேச்சுல கொழந்தைய ஏன் சாமி இழுக்கறீங்க?"

"தப்பட்டையவா தொடச் சொன்னேன்? வாயில சத்தம் போடச் சொல்றேன். அதுக்கும் உங்க தெருவுல கூட்டம் போட்டுப் பேசணுமா?"

"அவ அப்பன் வரட்டும்."

"அவன் வர்ற வரைக்கும் பொணம் வெயில்ல கெடக்குமா? நீ உக்காரு கெழவி."

கிழவி என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன். எனக்கு அவர்கள் பேசுவது எதுவும் ஏறவில்லை. ஒன்று மட்டும்தான் ஏறியது: என்னை அடிக்கக் கூப்பிட்டு ஒருத்தர் வந்திருக்கிறார்.

பெரிய வீட்டு வாசலில் அவ்வளவு ஜனம். பூ சுற்றிய பாடையைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். தூக்குகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டித் தயாராக நின்றார்கள். என்னைப் பந்தலுக்கு வெளியே, தெருப்பக்கமாக நிறுத்தினார்கள். மருமகன், "ம், அடி!" என்றார். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. அப்பாவுக்குப் பின்னால் நின்று வாயை அசைத்தவளுக்கு, முன்னால் மறைக்க யாரும் இல்லாமல் இத்தனை முகம்.

நான் யோசித்தேன். சாவு அடி இவர்கள் எல்லாரும் கேட்டதுதான். எத்தனை சாவில் கேட்டிருப்பார்கள்! இந்த ஊரில் ஒருத்தரும் கேட்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு அனுப்பியவர்களுக்கு இருப்பதில் நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்?

நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, கலவை மெஷினை அடித்தேன்.

முதலில் இருமல். ரெண்டு இருமல், மூன்று இருமல். அழுகை நின்றது. டக்டக்டக் என்று பிடித்துக்கொண்டதும் யாருடைய மடியிலோ இருந்த கைக்குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. ஜல்லியைக் கொட்டினேன். பாடைக்கால் பக்கம் நின்றவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவரும் குலுங்கினார். இரும்பு வயிறு உருள ஆரம்பித்தது. அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்றே நான் நினைத்தேன், இன்னும் பலமாக உருட்டினேன்.

"ஏய்! ஏய்! நிறுத்து!" மருமகன் ஓடி வந்தார். "இன்னா எழவு இது? சாவு அடி அடி!"

"இதுதான் நல்லா இருக்கும் சாமி," என்றேன்.

"உங்கப்பன் அடிக்கிறத அடிடீ!"

"எங்கப்பா இப்ப இதுலதான் வேல செய்யறாரு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மருமகன் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "போ," என்றார். "போயிடு இங்கருந்து." கடைசியில் சங்கும் சேகண்டியும் மட்டும் வைத்துக்கொண்டு பாடையைத் தூக்கினார்கள். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஆடுகளிடம் போய் உட்கார்ந்தேன்.

பஸ் இறங்கும் இடத்திலேயே கிழவி போய்ச் சொல்லிவிட்டாள். அம்மா வாசலில் இருந்தே கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அடிச்ச?" என்று என்னைக் கேட்டார். "அடிச்சிக் காட்டு."

பயந்துகொண்டே முதலில் இருந்து அடித்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், "இன்னொரு வாட்டி," என்றார். இன்னொரு முறையும் அடித்தேன். கடைசியில், "தண்ணி ஊத்தற எடத்த உட்டுட்டியே," என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எங்கே தப்பு என்று. ஜல்லிக்கும் உருளலுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை விட்டுவிட்டேன். அதனால்தான் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.

அந்த வாரமே எல்லாம் மாறிவிட்டது. எங்கள் ஆடு பெரிய வீட்டு வயல் பக்கம் வரக்கூடாது என்றார்கள். எங்கள் தெருப் பெண்களைக் களை எடுக்கக் கூப்பிடவில்லை. ஆட்டை விற்றாயிற்று. ஓசூருக்கு மணல் ஏற்றிப் போகிற லாரியில் சட்டி பானையோடு ஏறினோம். ஏன் போகிறோம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றாமல் விட்டேன், ஊரை விட்டுப் போகிறோம். கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது. லாரியில் மணல் மேல் உட்கார்ந்து, இனி அடிக்கவே மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். அப்படியே இருந்தும்விட்டேன்.

கம்பெனிக் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். போய்ச் சேர்ந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் அப்பா ஆட்களுக்கு நடுவில் நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை பேசுகிற ஆள் இல்லை அவர். கையை இப்படியும் அப்படியும் வீசினார். பாடை தூக்குவது போலக் காட்டினார், வாயைப் பொத்துவது போலக் காட்டினார். சூப்பர்வைசரும் வந்து நின்று கேட்டார். பிறகு அப்பா கையை நீட்டி என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அப்பாவின் முகம் நான் அதுவரை பார்க்காத மாதிரி இருந்தது. தாடை தூக்கியிருந்தது. கண் சுருங்கியிருந்தது. உதடு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் செய்த காரியத்தை இத்தனை பேரிடம் சொல்லிக் கொடுக்கிறார், அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். "வா பாப்பா, வந்து அடி!" என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

பெருமைப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் தெருவில் அதற்கு முன் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.