ரேடியோவின் வாய்க்குப் பத்து நிமிடப் பூட்டு

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது தெருக்காரர்கள். சும்மா வைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் தையல் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தாளென்றால், ஷட்டர் இறங்கும் வரை வாய் ஓயாது. துணி கொடுக்க வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல இடமே கிடைக்காமல் திரும்பிப் போனதுண்டு.

அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்லவும் முடியாது, பாவம். எந்நேரமும் அவள் உதட்டில் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்துக் காட்டுவாள். யாராவது கேள்வி கேட்டால் அதே இரண்டு விரலால் உதட்டைத் தட்டுவாள். இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது, நீ பாட்டுக்குப் பேசு என்று அர்த்தம். ரேடியோவும் அவள் பாட்டுக்குப் பேசுவாள். ஊசி மட்டும் இல்லையென்றால் அம்மா தன்னைத் திட்டித் தீர்த்திருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவள் கல்லூரியில் டிவி தயாரிப்புப் படிப்பில் சேர்ந்தபோது, இவள் தொகுப்பாளராகப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு அதில் துளியும் ஆசையில்லை. விருந்தினர் பேசும்போது தொகுப்பாளர் வாயை மூடிக்கொண்டு தலையாட்ட வேண்டும், அதெல்லாம் யாரால் முடியும்? அவள் கண் வைத்தது டைரக்டர் நாற்காலி மேல். கண்ட்ரோல் ரூமில் அதில் உட்காருகிறவர் தொடக்கம் முதல் கடைசி வரை மைக்கில் பேசிக்கொண்டே இருக்கலாம். மற்றவர்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்டே தீர வேண்டும். உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதென்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

முதல் நிகழ்ச்சி, கல்லூரி முழுக்க நேரலையாகப் போகும் பத்து நிமிடப் பேட்டி. எட்டு பேர், எட்டு வேலை. யாருக்கு எது என்று முடிவு செய்ய நடந்த ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஐம்பது நிமிடம் ரேடியோவே பேசினாள். கேமரா பிடிப்பது எப்படி என்று கேமராக்காரனுக்குச் சொன்னாள், மைக் மாட்டுவது எப்படி என்று சவுண்டுக்காரிக்குச் சொன்னாள். மூலையில் உட்கார்ந்திருந்தவன், தாடி என்று வகுப்பே கூப்பிடுகிறவன், வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தை விரித்தான். எந்த நிமிடத்தில் என்ன நடக்கும், எந்த கேமரா எங்கே நிற்கும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். பாடம் நடத்தும் மேடம் அதைப் பார்த்தார், டைரக்டர் நாற்காலி தாடிக்குப் போய்விட்டது. ரேடியோவுக்கு நல்ல மூக்குடைப்பு.

அவள் பெயருக்கு நேரே மேடம் எழுதியது ஃப்ளோர் மேனேஜர். டைரக்டர் ஹெட்செட்டில் சொல்வதைக் காதில் வாங்கி, ஸ்டுடியோவில் இருப்பவர்களுக்குக் கைச்சைகையாலேயே சொல்ல வேண்டும். மூச்சுச் சத்தம்கூட வெளியே வரக்கூடாது. வகுப்பே கை தட்டியது. அவள் தட்டவில்லை.

மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த நிகழ்ச்சிக்கு நீ டைரக்டர் ஆகணுமா? அப்போ இந்தப் பத்து நிமிஷம் உன் குரல் கேட்கக்கூடாது. ஒரு தடவை கேட்டாலும் வருஷம் முழுக்க நீ கேபிள்தான் சுத்தணும்."

ஒத்திகையில் மானம் போனது. ஹெட்செட்டில் தாடி எது சொன்னாலும், "சரி சரி, தெரியும்" என்று உரக்கப் பதில் சொன்னாள். தொகுப்பாளன் இஸ்திரி (சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டான், அதனால் அந்தப் பெயர்) ஒவ்வொரு முறையும் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு முழித்தான்.

நேரலை அன்று காலையில் விருந்தினர் வரவில்லை. வர வேண்டியவர் பாம்பு பிடிக்கிறவர். எங்கேயோ பாம்பு வந்துவிட்டதாம், போய்விட்டார். தாடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் ரேடியோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். எங்கம்மா இருக்காங்களே, தையல்காரி, பக்கத்துலதான் கடை என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்து சேர்ந்தபோது ஐந்து நிமிடம்தான் மிச்சம். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லியே பழகிய ரேடியோ, தான் இன்று பேசக்கூடாது என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்ல மறந்துபோனாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் இரண்டு நிமிடம் வெண்ணெய் மாதிரி போனது. இஸ்திரியின் கோட்டுக் கை ஒரு பக்கம் இழுக்கிறதென்று அம்மா நேரலையிலேயே சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதன் பிறகுதான் வந்தது வினை. அம்மாவின் பார்வை மகள் மேலேயே நின்றது. இந்தப் பக்கம் பார்க்காதே, அவனைப் பார் என்று ரேடியோ கையை ஆட்டினாள். அம்மா பேச்சை நிறுத்தினாள்.

"ஏன்டி, என்ன ஆச்சு? தொண்டை கட்டிக்கிச்சா?"

ஹெட்செட்டில் கண்ட்ரோல் ரூமே சிரித்தது. தாடி மட்டும் கெஞ்சினான். பதில் சொல்லிடாத ரேடியோ, உன் கால்ல வேணா விழறேன் என்றான்.

அம்மா நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டாள். "கொஞ்சம் இருங்க தம்பி. பொறந்ததுலேர்ந்து இவ இவ்வளவு நேரம் வாய மூடினதே இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

ஒன்றுமில்லை அம்மா, உட்காரு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. டைரக்டர் நாற்காலி ஒரு பக்கம், வருஷம் முழுக்கச் சுற்ற வேண்டிய கேபிள் இன்னொரு பக்கம். ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு விரலால் உதட்டைத் தட்டினாள்.

அம்மாவுக்கு உடனே புரிந்தது. "ஓ, வேலையா?" என்று உட்கார்ந்தாள். அப்புறம் இஸ்திரி பக்கம் திரும்பிப் பேசினாள் பாருங்கள், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. கல்யாண உடுப்பைக் கடைசி நிமிடத்தில் பிரித்துத் தைத்த கதை, அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறவர்கள் கதை. அந்த வாய்க்கு இவ்வளவு பேச வரும் என்று அவள் மகளுக்கே தெரியாது.

கடைசி நிமிடத்தில் இஸ்திரி, காகிதத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டான். "அவங்க உதட்டத் தட்டினதும் உட்கார்ந்துட்டீங்களே, அது என்னம்மா?"

அம்மா ஊசிக் கதையைச் சொன்னாள். ரேடியோ கையைத் தூக்கிப் பத்து விரலையும் விரித்தாள். பத்து நொடி.

"வாயில ஊசியோட நாளெல்லாம் பேசாம உட்கார்ந்திருக்கிறது கஷ்டம் தம்பி. எனக்கும் சேர்த்து இவதான் பேசுவா. தெருவுல என்ன பேர் வேணா வைக்கட்டும். இவ குரல் கேட்கலேன்னா எனக்கு மெஷின் ஓடாது."

மூன்று விரல். இரண்டு. ஒன்று. விளக்கு அணைந்தது.

முடிஞ்சது ரேடியோ, இப்போ பேசலாம் என்று தாடி ஹெட்செட்டில் கத்தினான். இனி அணையை உடைத்துக்கொண்டு வரும் என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மேடம் காகிதத்தோடு வந்தார். அடுத்த நிகழ்ச்சி, டைரக்டர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

"என்ன, ஒண்ணும் சொல்லப் போறதில்லையா?" என்றார் மேடம்.

அவள் வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து மறுபடியும் இரண்டு விரலால் உதட்டைத் தட்டினாள்.

"அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன் மேடம்" என்று அம்மா ஆரம்பித்தாள். கேன்டீன் மூடும் வரை நிறுத்தவில்லை.