உப்பில்லாத புரட்டாசி

நைனாவுக்கு மனம் திடீரென்று பொங்கும், பிறகு அப்படியே சரியும். பல வருடங்களாக லித்தியம் மாத்திரைதான் அவரைத் தாங்கியது. நான் பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போனபிறகும் தினமும் போனில் வரிசையாகக் கேட்பேன்: மாத்திரை, தண்ணீர், தூக்கம், ரத்தப் பரிசோதனை.

எனக்கு அமெரிக்க விசா வந்ததைச் சொல்ல ஊருக்குப் போனேன். அவருக்குக் கை நடுங்கியது, நாக்கு குழறியது, வாந்தி நிற்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"சாப்பாட்டுல எதாவது மாத்துனீங்களா?" என்றார் டாக்டர்.

"புரட்டாசி பொறந்ததுலேர்ந்து உப்பு உட்டுட்டேன் சார். பொண்ணுக்கு விசா வரணும்னு வேண்டிக்கினேன்."

உப்பு குறைந்தால் லித்தியம் உடம்பில் தேங்கி நஞ்சாகும். எனக்குத் தெரியும். நம் வீட்டில் யார் உப்பை விடப்போகிறார்கள் என்று நினைத்து, அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சலைன் ஏறும்போது, "விசா வந்துச்சா கண்ணு?" என்றார்.

"வந்துச்சி நைனா."

"பாத்தியா! சாமி இல்லன்னு பேசிக்கினு இருந்தியே."

தெளிந்தபின் கஞ்சி கொடுத்தேன். "புரட்டாசி இன்னும் முடியல" என்று வாயை மூடிக்கொண்டார். அவர் பார்க்கவே உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். துன்னு நைனா."

வாயைத் திறந்தார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.