கணு வைத்த கைப்பிடி

உள்ளங்கையைக் கைப்பிடிக் கட்டையின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே அக்கா நாலு அடி நடந்தார். நின்றார். அதே நாலு அடி பின்னால் வந்தார். என் மூன்று நாள் உழைப்பு அந்தக் கைக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல வார்த்தைக்காக நான் வார்னிஷ் டப்பாவோடு காத்து நின்றேன்.

"வழவழன்னு பாம்பாட்ட இருக்குது கண்ணு. நான் எங்க நிக்கறேன்னே இதுல தெரியலையே" என்றார்.

உறவு எதுவும் இல்லை, அக்கா என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான். சிங்காநல்லூரில் ஒரு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்ந்தவர். கணவர் இல்லை. சர்க்கரை நோயில் பார்வை போய், வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சியிருந்தன. வீட்டின் பின்னால் பொடக்காலி என்று அங்கே சொல்லும் நீளமான தோட்டம். சமையலறைக் கதவைத் தாண்டினால் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, கறிவேப்பிலை மரம், கடைசியில் குளியலறை. ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போய்வந்தார். கயிறு தொய்ந்து ஒருநாள் அவர் கல்லின் மேல் விழுந்ததில் கை வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பெங்களூரில் இருந்த மகனுக்குச் செய்தி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"கட்டில்ல உக்கார வெச்சுச் சோறு போடுவாங்க. நல்ல புள்ளைங்கதான். ஆனா எந்திரிச்சு நான் எங்க போவேன்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

நான் ஏழாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்கினேன். உடுமலைப்பேட்டையில் தேங்காய் உரித்தேன். பாலக்காட்டில் கட்டிலுக்குப் பாலிஷ் போடக் கற்றேன். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. அக்காவின் வாசலில் வேலை கேட்டு நின்றபோது பஸ் ஸ்டாண்டில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. மரவேலை தெரியும் என்றதும் அக்கா கேள்வி கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டார்.

இடித்த ஓட்டு வீட்டின் பழைய சட்டங்களை வாங்கி வந்தேன். கரையான் ஏறாமல் கால்களுக்குத் தார் பூசி நட்டு, கதவிலிருந்து குளியலறை வரை இடுப்பு உயரத்தில் கைப்பிடி கட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். பாலிஷ்காரன் புத்தி விடவில்லை. போல்ட் ஓட்டை, கணு, வெடிப்பு எல்லாவற்றையும் பட்டி அப்பி மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். கண் தெரியாதவருக்குச் செய்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"மழைக்குத் தாங்கணும்னா வார்னிஷ் வேணுங்க்கா" என்றேன்.

"மழைக்குத் தாங்கும். எனக்குத் தாங்குமா? மில்லுல நூலு அந்துச்சுன்னா கண்ணுலயா பாத்தேன்? வெரலுதான் போயி நிக்கும். நீ மூடுனதயெல்லாம் தெறந்து உடு."

அன்று வெள்ளிக்கிழமை. உடைந்த கண்ணாடித் துண்டால் வார்னிஷையும் பட்டியையும் சுரண்டினேன். சட்டங்களைக் கழற்றித் தரையில் பரப்பினேன். அக்கா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினார். முட்டி போலப் புடைத்த கணு துவைக்கிற கல்லுக்கு முன்னால் வரவேண்டும். போல்ட் ஓட்டை தொட்டிக்கு. வெடிப்பு விழுந்தது கறிவேப்பிலைக்கு. வழியில் எதுவும் தட்டாத இடத்துக்கு வழவழப்பான கட்டையே போதும் என்றார். கையில் ஏறும் சிராய்களை மட்டும் தேய்த்து, மழைக்குத் தாங்க லின்சீட் ஆயில் மட்டும் பூசி, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மறுபடியும் பூட்டினேன்.

இப்போது கோவையில் பெரிய வீடுகளின் தோட்டங்களுக்குப் பந்தலும் ஊஞ்சலும் செய்கிறேன். ஒரு கணு தெரியக்கூடாது என்கிறார்கள். செய்து கொடுக்கிறேன். பட்டி அப்பும் முன் ஒவ்வொரு கணுவையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது மட்டும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் காலையிலேயே வந்தார். அம்மாவின் துணிமணிகளுக்காகச் சக்கரம் வைத்த பெரிய காலிப் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொடக்காலியில் இறங்கினார். தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டியபடியே மகன் பின்னால் போனார். கல்லைச் சுற்றி, தொட்டியை ஒதுங்கி, திரும்பி வரும்போது நின்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பறித்துக்கொண்டார் அக்கா.

"மழ பேஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"நனைவேன்."

மகன் கண்ணை மூடிக்கொண்டு தானும் கைப்பிடியைப் பிடித்து நடந்து பார்த்தார். ணங்கென்று முழங்கால் இடித்தது. "அது தொட்டி கண்ணு, கல்லத் தாண்டிட்ட" என்று கதவடியிலிருந்து அக்கா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், ஆறு மாதம் இங்கேயே இருங்கள், பார்க்கலாம் என்று மகன் சொன்னார். கிளம்பும்போது, பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா, பிறகு தேவைப்படுமே என்று கேட்டார்.

"வேண்டாங் கண்ணு. நடக்கற எடத்துல இருந்தா கால்ல தட்டும். எடுத்துட்டுப் போயிரு."

வெறும் பெட்டியின் சக்கரம் தெருவெல்லாம் கடகடத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் தேயும்வரை அக்கா வாசலை விட்டு அசையவில்லை.