ஹூசாவிக்கில் நான்கு மணி நேரம்

அறுபத்தொரு வயதில் ஹெர்டிஸ் கப்பல் வேலைக்குப் போனதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் அவளுடைய கணவன் பால்மி. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் ஊரான ஹூசாவிக்கின் துறையிலிருந்து வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றிப்போய்த் திமிங்கலம் காட்டியவன்.

"ஊரு பேரு தெரியாத சனத்துக்கெல்லாம் கடலைக் காட்டிட்டேன். நீ ரொட்டிக்கடைய விட்டு வெளிய வந்ததில்ல. போ, நம்ம தீவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து எனக்குக் கதை சொல்லு" என்று குளிர்காலத்தில் விண்ணப்பத்தை அவனே எழுதி அனுப்பினான்.

"நான் போயிட்டா உனக்கு யாரு காப்பி போடுவா?"

"நீ போடறதுக்குப் பேரு காப்பியா? நான் பொழச்சேன் போ."

அப்போதே அவனுக்கு மறதி தொடங்கியிருந்தது. எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருவரும் சும்மா இருந்துவிட்டார்கள். இந்த நாட்டுக்காரர்களின் வியாதி அது. எரிமலை பொங்கினாலும் அதையேதான் சொல்வார்கள். மே மாதம் பால்மியை ஊரிலேயே இருந்த முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கும் அவன் "கப்பல விட்டுடாத" என்றுதான் சொன்னான். அவளும் போனாள். போயிருக்கக் கூடாது.

எண்பது பேர்கூட ஏறாத சின்னக் கப்பல், பத்து நாளில் தீவைச் சுற்றிவரும். பயணிகள் ரப்பர் படகுகளில் இறங்கி, பறவைப் பாறைகளையும் ஆளில்லாத பண்ணைகளையும் பார்த்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வருவார்கள். ஹெர்டிஸ் அடுப்படியில் கறுப்பு ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். ஹூசாவிக்கில் கப்பல் நான்கு மணி நேரம் நிற்கும். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களையெல்லாம் தள்ளினாள்.

முதல் தடவை வந்தபோது, கப்பல்காரர்கள் பயணிகளுக்கும் வேலையாட்களுக்கும் ஒன்றுபோலக் கொடுத்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இல்லத்துக்கு ஓடினாள். ஜன்னலோரம் இருந்த பால்மி எழுந்து கை கொடுத்தான்.

"வாங்க வாங்க. எந்த நாட்டுலேருந்து வரீங்க?" என்றான், ஆங்கிலத்தில். நாற்பது வருடத்தில் அவளிடம் அவன் அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"விளையாடாத, பால்மி" என்றாள் அவள், தங்கள் மொழியில்.

"அடடே, எங்க பாஷைய நல்லாப் பேசறீங்களே. என் பொண்டாட்டியும் கப்பல்லதான் இருக்கா. இன்னிக்கு வந்துடுவா."

எல்லாம் கோட்டு செய்த வேலை என்று நினைத்தாள். அடுத்த தடவை வீட்டில் போடும் பழைய கம்பளிச் சட்டையில் வந்தாள். நான்கு மணி நேரமும் அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

"கோட்டையே போட்டுக்கிட்டு வாங்க ஹெர்டிஸ். அப்பயாவது பேசுவாரு" என்றாள், அவனைக் கவனித்துக்கொள்ளும் ரன்வெய்க்.

கோட்டோடு வந்தாள். பேசினான், வாய் ஓயாமல்.

"என் பொண்டாட்டி தூக்கத்துல மாவு பிசைவா. குத்தெல்லாம் எனக்குத்தான் விழும். ஆனா அவ பக்கத்துல இல்லன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க."

கட்டியவளிடம் நாற்பது வருடம் சொல்லாததை முகம் தெரியாத பயணியிடம் சொன்னான், பாவி. ஹெர்டிஸ் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

செப்டம்பரில் கடைசிச் சுற்று. இனிமேல் அவள் வீட்டில்தான் இருப்பாள், தினமும் வருவாள். மனைவியாக வர வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். அவன்முன் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பால்மி, நான் சொல்றதக் கேளு. உன் ஹெர்டிஸ்..."

அதற்குமேல் சொல்லாமல் அவன் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. மீன்பிடி ஊர்களில் ஒருவர் வந்து இப்படி மண்டியிட்டுக் கையைப் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவனுடைய அப்பா கடலில் மூழ்கி இறந்தபோது பாதிரியார் வந்து அவன் அம்மாவின் கையை அப்படித்தான் பிடித்தார்.

"கப்பல் முழுகிடுச்சா?" என்றான். "அவ போயிட்டாளா? அதச் சொல்லத்தான் உங்கள அனுப்பினாங்களா?"

"நான்தான் ஹெர்டிஸ், பாரு. நான் உசுரோடதான் இருக்கேன்."

அவன் கேட்கவேயில்லை. "நான்தான் போகச் சொன்னேன், நானேதான் அனுப்பி வெச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. ரன்வெய்க் ஓடிவந்தாள்.

ஹெர்டிஸ் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசினாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. நான் சரியாச் சொல்லல. உங்க மனைவி நல்லா இருக்காங்க. நான் கப்பல்ல பார்த்தேன். அடுத்த கப்பல்ல வராங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவன் மெதுவாக மூச்சு விட்டான். "ரொம்ப நன்றிங்க" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வேலை முடிந்தால் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது கப்பலின் விதி. ஹெர்டிஸ் கொடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் தினமும் அதைப் போட்டுக்கொண்டு போய் அவன் எதிரே உட்கார்ந்தாள். உங்கள் மனைவி எப்போது வருவார் என்று அவளே கேட்பாள். அவனும் தன் பொண்டாட்டியைப் பற்றி உற்சாகமாகச் சொல்லத் தொடங்குவான்.