இடப்பக்கத்தில் இன்னொரு திரை

நான் பொய் சொல்பவன்தான். வியாபாரக் குடும்பம், பொய் கலக்காமல் எங்கள் கடையில் ஒரு துண்டுகூட விலைபோனதில்லை. ஆனால் இதில் கலப்படம் இல்லை. எனக்கு நடந்தது.

மறுநாள் காலை தங்கைக்கு வேலைத் தேர்வு. வீட்டிலேயே, பூட்டிய அறையில், கணினியில் எழுத வேண்டும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. நானோ ஒரு பழைய கணினியை அடித்துப் பேசிப் பாதி விலைக்கு வாங்கி, சும்மா கிடைக்கிறதே என்று அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தேன்.

போட்டு முடித்ததும் திரை முழுக்க வெறும் நீலம். கடவுச்சொல் கேட்கும் பெட்டியே இல்லை. குருட்டாம்போக்கில் தட்டினேன், உள்ளே விட்டது. அங்கும் நீலம்தான். மவுஸை இடப்பக்கம் நகர்த்தினால், அம்புக்குறி விளிம்பில் நிற்காமல் அப்பால் போய் மறைந்தது.

நீலத்தின் மேலேயே ரைட் கிளிக் செய்து திரை அமைப்பைத் திறந்தேன், அது மட்டும் என் பக்கம் வந்தது. இரண்டு திரைகள் இருக்கின்றனவாம். வலது, என்னுடையது. இடது... இன்னொன்று. மற்றவை எல்லாம் அதில்தான் திறந்துகொண்டிருந்தன.

விற்றவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ரெண்டாவது திரை இருக்குன்னு காட்டுதே?”

“நீங்க குடுத்த காசுக்கு ஒண்ணே அதிகம். பின்னாடி பாருங்க, வயர் சொருக ஒரு ஓட்டைதான் இருக்கு.”

பார்த்தேன். ஒன்றுதான்.

என் திரைதான் பிரதானம் என்று மாற்றினேன். ‘இப்படியே வைத்துக்கொள்ளவா?’ என்று ஒரு பெட்டி வந்தது. அதன் வால் மட்டும் என் இடது விளிம்பில் தெரிந்தது. அதில் எண்கள் ஓடின. இருபது... பத்தொன்பது... அவை முடிவதற்குள் அழுத்த வேண்டிய பொத்தான் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம். எண்டர் தட்டினால் ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டது. மறுபடி நீலம்.

மறுபடி. மறுபடி. இரவு ஒன்றே முக்கால்.

தங்கை கதவோரம் வந்து நின்றாள்.

“அண்ணா, வருமா வராதா?”

“வரும்டி. போய்த் தூங்கு.”

“கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லாத.” குரல் உடைந்துவிட்டது.

அவள் போனதும் நானும் உடைந்தேன். இடப்பக்க இருட்டைப் பார்த்துக் கும்பிட்டேன்.

“யாரா இருந்தாலும் சரி... ஒரே ஒரு தடவ அத அழுத்திடுங்க. என்ன வேணுமோ எடுத்துக்குங்க.”

எங்கள் வீட்டில் கைக்குழந்தைகூட விலை பேசாமல் சரக்கைத் தொடாது. நான் பேசவில்லை.

ஒன்பது... எட்டு... ஏழு.

எண் நின்றது.

டிக்.

என் கை மவுஸில் இல்லை.

எல்லாம் என் திரைக்கு வந்தன... ஒவ்வொன்றாக... இடப்பக்கமிருந்து.

தங்கை தேர்வு எழுதினாள். வேலையும் கிடைத்தது. அதே வாரம் என் இடது கண் அணைந்தது. வலியே இல்லை.

கண் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

“கண்ணு நல்லாருக்கு. நரம்பும் நல்லாருக்கு. படம் ஒழுங்கா உள்ள போகுது. உங்களுக்குத்தான் வந்து சேரல.”

“பின்ன எங்க போகுது?”

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் அசையணும். இது தனியா அசையுது... எதையோ படிக்கிற மாதிரி.”

இதை இடக்கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டுதான் எழுதினேன்.