வேலியை உள்ளுக்குத் தள்ளினம், வீடு தப்பிச்சுது

அதை ஏன் கேக்கிறியள் தங்கச்சி, இவர் வீட்டையே விக்க வெளிக்கிட்டிட்டார்! எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லப் பேத்தி இந்தக் கடிதத்தை எழுதுறாள்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியில ஒரு கிராமத்தில இருக்கிறம். வீடு சின்னன், வளவு பெரிசு. இப்ப வீட்டைப் பாக்காமல் காணியின்ர அளவைப் பாத்து வரி போடுறாங்கள். பென்சன் காசில கட்ட ஏலாதெண்டு இவர் டவுனில ஒரு பிளாட் பாத்திட்டார். மண்ணில கால் வைக்காமல் எப்பிடி இருக்கிறதெண்டு எனக்குச் சோறு இறங்கேல்லை.

பக்கத்து வீட்டு ஜெர்மன்காரியிட்டச் சொல்லி அழுதன். "ஏன் முழுக்க விக்கிறியள்? பின்பக்கத்தை மட்டும் எனக்கு விலைக்குத் தாங்கோவன், ஆடு மேய்க்க" எண்டாள்.

வந்து இவரிட்டச் சொன்னன். துள்ளினார்.

"உனக்கு விசரோ? யாழ்ப்பாணத்தான் வேலியை உள்ளுக்குத் தள்ளிப் போடுறதோ? சனம் சிரிக்கும்!"

"ஊரில அரை முழ வேலிக்குச் சொந்த அண்ணனோட வழக்குப் பேசின மனுசன், இப்ப முழு வளவையும் விட்டிட்டுப் போறார். அதுக்குச் சனம் சிரிக்காதோ?"

மனுசன் விடியத் தானே போய்க் கயிறு பிடிச்சு அளந்தார்.

பின்பக்கத்தை அவளுக்கு வித்தம், வரி குறைஞ்சிட்டுது, வீடும் மிஞ்சிச்சுது. இப்பெல்லாம் எந்தக் கவலையையும் நாங்கள் வீட்டுக்குள்ள வைச்சுப் புழுங்கிறேல்லை, அயலிலயும் ஒருக்காச் சொல்லிப் பாக்கிறம். பொறுங்கோ தங்கச்சி, பருப்புப் பொங்குது, இறக்கிப்போட்டு வாறன்.